பிருந்தாவனத் தோட்டத்து நீரூற்றுகளைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களை ஆண்டுக்கு ஒருமுறை மைசூருக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்து, அங்கேயே தங்கியும் விட்டது. பால் வாங்கப் போகும்போதும், ராபின்சன் பூங்காவில் காலை நடைக்குப் போகும்போதும் ஒரே ஐயங்களைப் பலரும் கேட்கிறார்கள் என்பதால், விடைகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

“அண்ணா, நியூஸ்ல சொல்ற கே.ஆர்.எஸ். டேமும் இந்தப் பிருந்தாவனமும் ஒன்னா, வேறயா?”

அணை வேறு, தோட்டம் வேறு. ஆனால் இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. ஆடி மாதம் நெருங்கினால் நாள்தோறும் செய்தியில் நீர்மட்டம் சொல்லப்படும் கிருஷ்ணராஜ சாகர் அணைதான் சுருக்கமாகக் கே.ஆர்.எஸ். எனப்படுகிறது, அணை எழும்பியபோது நீரில் மூழ்கிய ஊரின் பெயரால் அதையே கண்ணம்பாடி அணை என்றும் சொல்வார்கள். அந்த அணைச்சுவரின் அடிவாரத்தில், படிப்படியாக இறங்கும் தளங்களாக அமைந்த ஏறத்தாழ 60 ஏக்கர் தோட்டமே பிருந்தாவனம். இது கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், மைசூர் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

கண்ணன் விளையாடிய உத்தரப் பிரதேசத்துப் பிருந்தாவனத்துக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே உண்டு. ஒருமுறை எங்களுடன் வந்த ஓர் அம்மையார் வீட்டிலேயே துளசி மாலை கட்டி எடுத்து வந்துவிட்டார். திரும்பும் வழியில் அதை ஸ்ரீரங்கப்பட்டணத்து அரங்கநாதருக்குச் சாத்தினோம்.

“பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா நேரா அங்கேயே இறங்கிடலாமா?”

இறங்க முடியாது. 1964ஆம் ஆண்டிலிருந்து ஓடும் அந்த வண்டி சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூரு வரைதான் செல்கிறது. அதற்கு மேல் மைசூருக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு என்னிடம் வந்து விழித்தவர்கள் இதுவரை மூன்று பேர். அவர்களில் ஒருவர் ரயில்வேயிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

“அப்போ எந்த ரயில் நல்லது?”

சென்ட்ரலிலிருந்து மைசூர் வரை நேரடியாகச் செல்லும் வண்டிகளில் எங்களுக்கு ஒத்துவருவது இரவில் புறப்படும் காவேரி எக்ஸ்பிரஸ். படுத்து உறங்கினால் விடியலில் மைசூர். அறையில் குளித்துவிட்டு, காலையில் அரண்மனையைப் பார்த்து, உண்டு, சற்றே கண்ணயர்ந்து, பிற்பகலில் தோட்டத்துக்குக் கிளம்பலாம். 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் வண்டியும், அதற்கு முன்பிருந்தே ஓடும் சதாப்தியும் விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலை ஒட்டி மைசூரை அடைகின்றன. இவை வேகமானவை என்றாலும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது என்பதைப் பதிவு செய்யும்போது கவனிக்கவும்.

விடியற்கால வண்டியைத் தேர்ந்தெடுக்கும் திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு சொல்: முதல் மெட்ரோவை நம்பிக் கிளம்ப வேண்டாம். தெரிந்த ஆட்டோக்காரரிடம் முதல்நாள் இரவே சொல்லிவைத்துவிடுங்கள்.

“மைசூர்லேர்ந்து தோட்டத்துக்கு எப்படிப் போறது? பஸ் போர்டு எல்லாம் கன்னடத்துல இருக்குமே?”

நகரப் பேருந்து நிலையத்திலிருந்து அணைக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. நடத்துநரிடம் “கே.ஆர்.எஸ்.” என்று மூன்று எழுத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும். “கே.ஆர்.” என்று பாதியில் நிறுத்தினால் கே.ஆர். நகர், கே.ஆர். சர்க்கிள், கே.ஆர். மருத்துவமனை என்று அந்த வட்டாரத்தில் பாதி இடம் மன்னர் கிருஷ்ணராஜரின் பெயரில்தான் இருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் இருந்தால் வேன் அமர்த்துவதே சிக்கனம். திரும்பி வரும்போது இருட்டிவிடும் என்பதால் நிம்மதியும் கூட.

“லைட் போட்ட பிறகுதானே அழகு? ஏழு மணிக்குப் போனா போதாதா?”

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். போதாது. முதன்முறை நான் சென்றது ‘ஒரே நாளில் மைசூர்’ என்று விளம்பரம் செய்த ஒரு வேன் சுற்றுலாவில். காலையில் சாமுண்டி மலை, பிறகு உயிரியல் பூங்கா, அரண்மனை, பட்டுச் சேலைக் கடையில் ஒன்றரை மணிநேரம், சந்தனக் கடையில் அரை மணிநேரம் என்று சுற்றிவிட்டு, தோட்ட வாயிலில் எங்களை இறக்கிவிட்டபோது மணி ஏழேகால். வாகன நிறுத்தத்திலிருந்து வாயில், வாயிலிலிருந்து படிகள், படிகளிலிருந்து பாலம் என்று இருட்டில் ஓட்டமும் நடையுமாகச் சென்று சேர்ந்தபோது, முன்னால் நின்றவர்களின் தலைகளுக்கு மேலே நீலமாக ஏதோ ஒன்று எழும்பி விழுந்தது. அடுத்த நிமிடம் பாட்டு நின்றது, விளக்கு அணைந்தது, கூட்டம் எங்களை நோக்கித் திரும்பிவிட்டது. என் மனைவி இன்றுவரை அந்தப் பயணத்தைப் ‘பின்னந்தலை தரிசனம்’ என்றே சொல்கிறாள்.

இசை நீரூற்று இருள் கவிந்த பிறகு, வழக்கமாக மாலை ஆறரை மணியை ஒட்டித் தொடங்குகிறது; வார இறுதியில் கூடுதல் நேரம் நடக்கும். ஆனால் அது நடக்கும் இடம் வாயிலருகே இல்லை, தோட்டத்தின் மறுகோடியில், நடுவில் உள்ள நீர்நிலையைக் கடந்து, வடபுறத்தில் இருக்கிறது. ஆகவே நான்கு மணிக்குள் உள்ளே நுழைந்துவிடுவதே முறை. முதல் ஒரு மணிநேரம் தென்புறத் தளங்களில் நிதானமாக இறங்கி, ஐந்தரைக்குப் பாலத்தைக் கடந்து, ஆறு மணிக்கு இசை நீரூற்றின் அருகே இடம்பிடித்து அமர்ந்துவிட்டால் குழந்தைகளைத் தோளில் தூக்கி நிற்க வேண்டியிராது.

“பகல்ல பார்க்க அங்க என்ன இருக்கு?”

என்னைக் கேட்டால், தோட்டம் பகலில்தான் இருக்கிறது. இரவில் இருப்பது விளக்கு. மேல்தளத்தில் நின்று பார்த்தால் நேர்க்கோடாக ஒரு கால்வாய், அதன் நடுவே வரிசையாக ஊற்றுகள், இரு பக்கமும் கூம்பாகவும் உருண்டையாகவும் கத்தரித்த செடிகள், பருவத்துக்கு ஏற்பச் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் காகிதப்பூவும். தளத்துக்குத் தளம் கால்வாய் ஒரு படிக்கட்டாக மாறுகிறது. அந்தப் படிகளில் தண்ணீர் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் வழிந்து, விளிம்பில் நூல் நூலாகப் பிரிந்து, அடுத்த படியில் மறுபடியும் தகடாகிறது. அதனருகே உள்ள கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். திவலை படிந்து எப்போதும் ஈரமாகவே இருக்கும். விளக்கு போட்ட பிறகு இந்த நுணுக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, நிறம் மட்டும் தெரியும்.

“பழைய படத்துல பாட்டு சீன்ல வருமே, அதே மாதிரி இருக்குமா?”

அமைப்பு அதுவேதான். கால்வாயும் தளங்களும் படிகளும் இடம் மாறவில்லை. ஆனால் படத்தில் நாயகனும் நாயகியும் மட்டும் ஓடிய அதே பாதையில் நீங்கள் சில ஆயிரம் பேருடன் நடப்பீர்கள். பழைய படங்களை மனத்தில் வைத்து வரும் பெரியவர்களை வார நாளில் அழைத்துச் செல்வது நல்லது.

“இத்தனை ஊத்துக்கும் எத்தனை மோட்டார் ஓடும்? கரண்ட் போனா என்ன ஆகும்?”

நல்ல கேள்வி, அடிபம்பில் கை வலிக்கத் தண்ணீர் அடித்து வளர்ந்த நம் பகுதிக்காரர்தான் இதைக் கேட்க முடியும். கால்வாய்களில் உள்ள பழைய ஊற்றுகளின் உந்துதல் மோட்டாரால் வருவதில்லை, அணையால் வருகிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்கு எப்படி வேகமாக நீர் வருகிறதோ அதே கதைதான். நீரின் உயரம் 10 மீட்டர் என்றால் அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் கிடைக்கும். கே.ஆர்.எஸ். அணை ஆற்றுப் படுகையிலிருந்து சுமார் 130 அடி, அதாவது கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தில் தேங்கியுள்ள நீரைத் தாழ்ந்த தளத்துக்குக் குழாய்வழி விட்டு, முனையைக் குறுக்கினால் அது தானே மேலே பாய்கிறது. தளத்துக்குத் தளம் இறங்கும்படி தோட்டத்தை அமைத்ததன் பயன் இதுதான்: மேல்தளத்தில் ஆடி முடித்த நீரே கால்வாயில் ஓடி, படியில் வழிந்து, கீழ்த்தளத்துக்குச் செல்கிறது.

இசை நீரூற்று வேறு வகை. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப முனைகளைத் திறந்து மூடவும், நீரை ஆட்டவும், நிறம் மாற்றவும் கணினியும் மின்சாரமும் வேண்டும். எனவே மின்தடை வந்தால் அது காத்திருக்க வைக்கும்.

“எல்லாத்தையும் விஸ்வேஸ்வரய்யாதானே கட்டினார்?”

அணைக்கு அவர், தோட்டத்துக்கு வேறு ஆட்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், தலைமைப் பொறியாளராக இருந்த மோ. விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியால் 1911இல் அணைப்பணி தொடங்கியது. சுமார் 2.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுவர் சிமெண்ட்டால் எழுப்பப்பட்டதன்று; கருங்கல்லும், சுண்ணாம்புடன் செங்கல் தூள் சேர்த்த சுர்க்கிச் சாந்தும் கொண்டு கட்டியது.

அணைப்பணி முடிவை நெருங்கிய காலத்தில், 1926இல் திவானாகப் பொறுப்பேற்ற மிர்சா இஸ்மாயில், காஷ்மீரத்தில் முகலாயர் அமைத்த ஷாலிமார் தோட்டத்தை மனத்தில் கொண்டு பிருந்தாவனத்துக்குத் திட்டமிட்டார். 1927இல் வேலை தொடங்கி 1932இல் முடிந்தது. வடிவமைப்பில் கை கொடுத்தவர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல் என்ற ஜெர்மானியத் தாவர அறிஞர். பெங்களூரு லால்பாக்கையும் பார்த்துக்கொண்டவர் அவரே. முகலாயத் தோட்டத்தின் நேர்க்கோட்டுக் கால்வாய், ஜெர்மானியரின் செடி அறிவு, மைசூர் அரசின் பணம், காவிரியின் தண்ணீர் என்று நான்கும் சேர்ந்த இடம் அது. ‘இவர் கட்டினார்’ என்று ஒருவர் பெயரை மட்டும் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

“மேட்டூரை விடப் பெரிய டேமா அது?”

இல்லை. முழுக் கொள்ளளவு கே.ஆர்.எஸ். அணைக்கு 49.45 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி. நீர்மட்ட எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே உச்சமட்டம் 124.80 அடி, மேட்டூரில் 120 அடி.

“எந்த மாசம் போகலாம்? மே மாசம் பசங்களுக்கு லீவு.”

மே மாதம்தான் என் பட்டியலில் கடைசி. பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் மிகுதி, அணையில் நீர் குறைந்திருக்கும் காலமும் அதுவே. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. காவிரி பிறக்கும் குடகில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதனால் வண்ணாரப்பேட்டையில் புழுக்கம் தாங்காத ஆகஸ்டில் அங்கே அணை ததும்பிக்கொண்டிருக்கலாம். பார்க்க அருமையான காட்சிதான், ஆனால் உபரி நீரை அதிகமாகத் திறந்தால் படகுச் சவாரியை நிறுத்திவிடுவார்கள். அருகிலுள்ள ரங்கன்திட்டுப் பறவைகள் சரணாலயத்திலும் அதே நிலைதான்.

அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி வரை இதமான காலம். மைசூர் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கும் மேலே இருப்பதால் மாலையில் குளிரும், ஊற்றருகே இன்னும் குளிரும். சென்னையில் அலமாரியைவிட்டு இறங்காத ஸ்வெட்டருக்கு அங்கே வேலை வரும். தசரா பத்து நாளும் ஊரே விளக்கலங்காரத்தில் இருக்கும் என்றாலும், கைக்குழந்தையுடன் செல்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

“அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டு வரலாமா?”

வரலாம், ஆனால் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நான்கு மணிக்கு நுழையச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: அவசரம் இல்லாவிட்டால் முதியவர்கள் தங்கள் வேகத்தில் தளம் தளமாக இறங்கி, இடையிடையே அமர்ந்து செல்லலாம். இறங்குவது எளிது, இருட்டில், கூட்டத்துடன், ஈரப் படிகளில் திரும்ப ஏறுவதுதான் முட்டியைச் சோதிக்கும். நீர்நிலையைக் கடக்கப் படகு ஓடும் நாளாக இருந்தால் நடையில் ஒரு பகுதி குறையும்.

என் யோசனையைக் கேட்டால், முட்டி வலி கடுமையாக உள்ளவர்கள் இசை நீரூற்றை விட்டுவிடலாம். தென்புறத் தளங்களிலேயே விளக்கு ஏற்றும்வரை அமர்ந்திருந்து, வண்ணம் மாறுவதைப் பார்த்துவிட்டு, கூட்டம் திரும்பும் முன் வெளியேறிவிடலாம். என் தாயாரை அப்படித்தான் அழைத்துச் சென்றேன். காசிமேட்டில் வளர்ந்த அவர், வழிந்த நீரில் புறங்கையை நனைத்துவிட்டு, “உப்பே இல்ல” என்றார்.

“புளிசோறு கட்டிட்டுப் போய் புல்தரையில உட்கார்ந்து சாப்பிடலாமா?”

கட்டிக்கொண்டு போகலாம், உண்பதை வாகன நிறுத்தத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. புல்தரை உட்கார்ந்து சாப்பிடுவதற்கான இடமன்று, நெகிழிப் பைகளுக்கும் தடை உண்டு. வெளியே மீன் வறுவல் கடைகள் இருக்கின்றன. ஆற்று மீன்தான், கடல் மீனில் பழகிய நம்மவர்கள் முதல் துண்டிலேயே முகம் சுளிப்பார்கள், பிறகு இரண்டாம் தட்டு வாங்குவார்கள்.

“டேம் மேல நடந்து போய் தண்ணிய பார்க்கலாமா? செல்ஃபி எடுக்கணும்.”

பாதுகாப்புக் காரணமாகப் பொதுமக்களை அணைச்சுவர் மேல் விடுவதில்லை. காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை. கீழே தோட்டத்திலிருந்து பார்த்தால் சுவரின் முழு நீளமும் பின்னணியில் தெரியும்.

“சிறுத்தை வந்துச்சாமே? பயமா இருக்கு.”

வந்தது உண்மை. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம் தெரிந்ததால் சில வாரங்கள் பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை. அதுபோன்ற வேளைகளில் தோட்டத்தை அவர்களே மூடிவிடுகிறார்கள். திறந்திருக்கும் நாளில் நடைபாதையை விட்டு விலகிப் புதர்ப்பக்கம் ஒதுங்காமல் இருந்தால் போதும். கிளம்புவதற்கு முந்தைய நாள், தங்கும் விடுதிக்கு ஒரு தொலைபேசி செய்து தோட்டம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஞாயித்துக்கிழமை அரண்மனை லைட்டும் இருக்கே. ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துடலாமா?”

முடியாது, கணக்கு ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் அரண்மனைக்கு விளக்கேற்றுவது மாலை ஏழு மணியளவில். நீரூற்றும் அதே நேரத்தில்தான். இரண்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர் நெரிசல். சனிக்கிழமை மாலை தோட்டம், ஞாயிறு மாலை அரண்மனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை என்பதையும் திட்டமிடும்போதே குறித்துக்கொள்ளவும்.

“ஃபவுண்டன் பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரியே ரயில் ஏறிடலாமா?”

மேலே சொன்ன அதே நெரிசல் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. காட்சி முடிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே சாலையில் மைசூர் நோக்கித் திரும்பும். அதில் சிக்கி இரவு வண்டியைத் தவறவிட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். ஓர் இரவு அறைவாடகை, எட்டுப் பேருக்குப் பயணச்சீட்டு வீணாவதை விடக் குறைவு.

“காவேரிப் பிரச்சினை வந்தா? நம்ம நம்பர் வண்டியில போனா வம்பு வருமா?”

இதை யாரும் உரக்கக் கேட்பதில்லை. தனியே அழைத்துத்தான் கேட்கிறார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளைக் கர்நாடகத்தில் எரித்ததை யாரும் மறக்கவில்லை, ஆகவே அச்சம் காரணமற்றதன்று. மற்றபடி சாதாரண நாள்களில் எனக்கு ஒருமுறைகூடக் கசப்பு நேர்ந்ததில்லை. தோட்டத்துக் கடைக்காரர்களில் பலர் நாம் வாய் திறக்கும் முன்பே தமிழில் விலை சொல்லிவிடுவார்கள்.

நீர்திறப்பு குறித்து உச்ச நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ சூடான வாரமாக இருந்தால், மண்டியா மாவட்டத்தில்தான் போராட்டம் முதலில் வெடிக்கும். தோட்டமோ அதே மாவட்டத்தில் இருக்கிறது. அத்தகைய வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுவது கோழைத்தனமில்லை. இரண்டு முறை நான் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

“அந்த ஊத்துத் தண்ணி கடைசியில நம்ம வீட்டுக்கு வருமா?”

பாதிச் சரி. தோட்டத்தைக் கடந்து ஆற்றில் சேரும் நீர், திருமகூடலு நரசிபுராவில் கபினியுடன் கலந்து, பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வருகிறது. அங்கிருந்து முக்கொம்பு, கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரியை நிரப்பி, 2004 முதல் குழாயில் சென்னைக்கும் வருகிறது. ஆனால் நம் வடசென்னையின் பெரும்பகுதிக்குப் புழல் ஏரியும், 2010இல் திறந்த மீஞ்சூர்க் கடல்நீர் ஆலையும்தான் படியளக்கின்றன. தென்சென்னை உறவினர் வீட்டுக்குப் போகும்போது வேண்டுமானால் அந்த ஊற்றின் உறவைக் கொண்டாடிக்கொள்ளலாம்.

“ஆடிப்பெருக்குக்குப் பூஜையில வைக்க அங்கேர்ந்து ஒரு சொம்பு பிடிச்சிட்டு வரலாமா?”

ஊற்றிலிருந்தும் கால்வாயிலிருந்தும் வேண்டாம். அது தோட்டத்துக்குள் ஓடி வரும் நீர், காவலர்களும் விடமாட்டார்கள். மறுநாள் காலை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நில்லுங்கள். அங்கே பஸ்சிமவாகினி என்ற படித்துறையில் காவிரி மேற்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது, இறங்கி முகந்துகொள்ளலாம். மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கு கொண்டு வாருங்கள். சொம்பில் எடுத்தவர்கள் எல்லாம் ஜோலார்பேட்டைக்குள் பாதியைப் படுக்கையில் கொட்டியிருக்கிறார்கள்.